திருகோணமலைப் பாதையில் ரயில் நிலையங்களை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றதாக்குவது எப்படி? அளவெடுப்பதிலிருந்து ரயில் ஏறுவது வரை

"சக்கர நாற்காலி வசதி இருக்கிறதா?" என்று கேட்டால், வாசலில் போட்ட சிமெந்துச் சரிவு ஒன்றைக் காட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் நம்மூரில் நிறையப்பேர். ஒரு கடைக்கு அது போதலாம், ரயில் நிலையத்துக்குப் போதாது. ஓட்டோவில் வந்து இறங்கும் இடத்திலிருந்து டிக்கட் ஜன்னல், கழிப்பறை, மேடை, பெட்டியின் வாசல், இருக்கை என்று போய், அடுத்த ஊரில் இறங்கி வெளியே வரும் வரைக்கும் வழி அறாமல் இருக்க வேண்டும். இடையில் ஒரே ஒரு படி இருந்தாலும் மற்ற இடங்களில் செலவழித்த காசு வீண்தான்.

இந்த வழிகாட்டி ஊர்ச் சங்கங்களுக்கும், மாற்றுத்திறனாளி அமைப்புகளுக்கும், அக்கறையுள்ள நிலைய ஊழியர்களுக்கும். 1927இல் திறக்கப்பட்ட நமது பாதை கல்ஓயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையைவிட்டுப் பிரிந்து, கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாகத் திருகோணமலைக்கு வந்து முடிகிறது. கொழும்புக்கும் மஹரகமவுக்கும் வைத்தியத்துக்குப் போகிறவர்கள், யுத்தத்தில் கால் இழந்தவர்கள், முழங்கால் வலியோடு கோணேசரைப் பார்க்க வரும் வயதானவர்கள் எல்லாரும் இதில்தான் ஏறுகிறார்கள். பஸ்ஸில் கால் நீட்ட முடியாது, கழிப்பறையும் கிடையாது. அதனால் உடல் இயலாதவருக்கு ரயில்தான் நல்ல வாகனம், ஏற முடிந்தால்.

முதலில் ஆட்களைச் சேருங்கள்

நடக்கக்கூடியவர்கள் மட்டும் சேர்ந்து நிலையத்தைச் சுற்றிப் பார்த்து எழுதும் அறிக்கையை நம்பாதீர்கள். குழுவில் சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவர், வெள்ளைப் பிரம்பு வைத்திருப்பவர் ஒருவர், காது கேளாதவர் ஒருவர், ஊன்றுகோலோ செயற்கைக் காலோ பாவிப்பவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பயணம் செய்யும் தாய் ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது. சத்தமும் கூட்டமும் எவ்வளவு பெரிய தடை என்று அவர் சொல்லித்தான் மற்றவர்களுக்கு விளங்கும். வருகிறவர்களுக்கு ஓட்டோக் காசும் சாப்பாடும் கொடுங்கள். அவர்கள் செய்வது வேலை, உபகாரம் அல்ல.

சமூக சேவை உத்தியோகத்தர் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் இருக்கிறார். ஆட்களைத் தேட அவரிடம் போங்கள். அப்புறம் நிலைய அதிபரைச் சந்தித்து, என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லி அனுமதி எடுங்கள். படம் எடுப்பதற்கும் சேர்த்தே கேளுங்கள். இந்த மரியாதைக்குப் பிறகு பலன் உண்டு: சின்னத் திருத்தங்களில் பாதியை அவர் தன் அதிகாரத்திலேயே செய்துவிடலாம்.

அளவு நாடாவோடு நடங்கள்

தேவையான சாமான்கள் அளவு நாடா, 1.2 மீட்டர் நீளமுள்ள நேரான பலகை, மேசன்மார் வைத்திருக்கும் நீர்மட்டம், ஒரு கொப்பி. பகலில் ஒருமுறை, இரவு ரயில் புறப்படும் நேரத்தில் ஒருமுறை போங்கள். பகலில் நல்லதாகத் தெரியும் நடைபாதை, இரவில் மின்குமிழ் எரியாவிட்டால் பார்வை குறைந்தவருக்குக் குழியாகிவிடும்.

சரிவுப் பாதையில் தொடங்குவோம். 1க்கு 12 என்பதுதான் உலகெங்கும் ஏற்றுக்கொண்ட விகிதம்: 1 சென்ரிமீட்டர் உயர 12 சென்ரிமீட்டர் நீளம். மூன்று படி சேர்ந்து 45 சென்ரிமீட்டர் உயரம் என்றால், சரிவு 5.4 மீட்டர் நீளமாக இருக்க வேண்டும். இடம் போதவில்லை என்று 2 மீட்டரில் முடித்த சரிவுகளைப் பார்த்திருப்பீர்கள். அதில் தானாக ஏறப் பார்த்தால் நாற்காலி பின்பக்கம் சாயும். இறங்கும்போது ஆளையே முன்னால் தள்ளிவிடும்.

இதைச் சோதிக்க இன்ஜினியர் தேவையில்லை. பலகையின் ஒரு நுனியைச் சரிவில் மேல்பக்கமாக வைத்து, மறு நுனியை நீர்மட்டத்தின் குமிழி நடுவுக்கு வரும்வரை உயர்த்துங்கள். உயர்த்திய நுனிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளவெடுங்கள். 1.2 மீட்டர் பலகைக்கு 10 சென்ரிமீட்டர் வந்தால் சரியாக 1க்கு 12. 15 வந்தால் 1க்கு 8, தனியாக ஏற முடியாது. 20க்கு மேல் வந்தால் அது சாமான் ஏற்றும் சரிவு. அளவை எழுதி, நாடா தெரியும்படி படமும் எடுத்து வையுங்கள். "சரிவு செங்குத்தாக இருக்கிறது" என்று எழுதினால் வாதாடலாம், "1.2 மீட்டருக்கு 19 சென்ரிமீட்டர்" என்று எழுதினால் வாதாட இடமில்லை.

சரிவின் அகலம், கைப்பிடிகளுக்கு இடையே குறைந்தது 90 சென்ரிமீட்டர், இடமிருந்தால் 120. கைப்பிடி இரண்டு பக்கமும் வேண்டும், ஏறத்தாழ 90 சென்ரிமீட்டர் உயரத்தில். ஒரு பக்கம் உடல் வழங்காதவருக்கு ஏறும்போது உதவும் கைப்பிடி, இறங்கும்போது தப்பான பக்கத்தில் இருக்கும். ஓரத்தில் சின்ன விளிம்புக் கட்டு இல்லாவிட்டால் சில்லு வெளியே போய்விடும். மேலேயும் கீழேயும் 150 சென்ரிமீட்டருக்கு 150 சென்ரிமீட்டர் சமதரை விடுங்கள், நாற்காலி திரும்ப அவ்வளவு இடம் தேவை.

கீழே குனிந்து வடிகால் மூடிகளையும் பாருங்கள். சக்கர நாற்காலியின் முன்சில்லு சின்னது. மூடியின் கம்பிகள் போகும் திசைக்கு நேராக நீளவாக்கில் இருந்தால் அது இடுக்கில் இறங்கி, நாற்காலி சட்டென்று நின்று, இருப்பவர் முன்னால் வந்து விழுவார். கம்பிகள் குறுக்காக இருக்க வேண்டும், இடுக்கு 13 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. மூடியைத் திருப்பிப் போட்டாலே பல இடங்களில் பிரச்சினை தீர்ந்துவிடும், செலவு ஒன்றுமில்லை.

டிக்கட் ஜன்னலில் ஒரு பகுதி 75 முதல் 80 சென்ரிமீட்டர் உயரத்தில் இருந்து, கீழே முழங்கால் நுழைய இடமும் இருந்தால் போதும். காது கேளாதவருக்காக ஒரு சிலேட்டோ கொப்பியோ அங்கே கட்டித் தொங்கட்டும்.

அறிவித்தல்களில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஒலிபெருக்கியில் சொல்வது காது கேளாதவருக்குப் போய்ச்சேராது. பலகையில் எழுதுவது பார்வையற்றவருக்குப் போய்ச்சேராது. இரண்டும் வேண்டும், இரண்டிலும் தமிழ் வேண்டும். மின்பலகைக்குக் காசு வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு கரும்பலகையும் சோக்கட்டியும் வைத்து, "இரவு ரயில் 40 நிமிடம் தாமதம்" என்று பெரிதாக எழுதினால் வேலை நடக்கும்.

கழிப்பறை

இதற்குத் தனித் தலைப்பு கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. கழிப்பறை இல்லை என்று தெரிந்தால் பெண்கள், குறிப்பாகச் சக்கர நாற்காலியில் போகும் பெண்கள், பயணத்துக்கு முதல்நாளிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா கொழும்பு கிளினிக்குக்குப் போகிற ஒவ்வொரு முறையும் அப்படித்தான் செய்கிறார். சிறுநீர்த் தொற்று வந்து படுத்ததும் உண்டு.

கதவின் திறந்த அகலம் 90 சென்ரிமீட்டர், அது வெளிப்பக்கம் திறக்க வேண்டும் அல்லது தள்ளுகதவாக இருக்க வேண்டும். உள்ளே திறந்தால், ஆள் விழுந்து கிடக்கும்போது கதவைத் திறக்க முடியாது. உள்ளே 150 சென்ரிமீட்டர் வட்டத்துக்குத் திரும்ப இடம், கொமட் உயரம் 45 முதல் 48 சென்ரிமீட்டர், பக்கத்தில் நாற்காலியை நிறுத்தி மாறி உட்கார 90 சென்ரிமீட்டர் அகல வெற்றிடம், சுவரில் ஆளின் முழுப் பாரத்தையும் தாங்கும் கைப்பிடி. வெளிநாட்டு வரைபடங்களில் இல்லாத ஒன்று: நாம் தண்ணீர் பாவிக்கிறவர்கள். பைப்பும் கோப்பையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கைக்கு எட்ட வேண்டும். தரையில் தண்ணீர் தேங்காமல் வாட்டமும் வேண்டும், ஈரத் தரையில் ஊன்றுகோல் வழுக்கும்.

இவ்வளவும் சரியாகக் கட்டிவிட்டு, உள்ளே விளக்குமாறும் பெயின்ற் வாளியும் அடுக்கி, பூட்டித் திறப்பை யாரோ வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் வழக்கம். அளவெடுக்கும்போதே கேட்டு எழுதுங்கள்: திறப்பு யாரிடம், இரவில் யாரிடம்?

மேடையும் பெட்டியும்: கடினமான பகுதி

மேடை ஓரத்தில் தொட்டுணரும் கற்கள் பதிக்க வேண்டும். ஜப்பானியரான மியாகே செய்இச்சி உருவாக்கிய இந்தக் கற்கள் 1967இல் ஒகயாமா நகரில் முதன்முதலில் பதிக்கப்பட்டன. மொட்டு மொட்டாக இருந்தால் "நில்", நீளக் கோடுகளாக இருந்தால் "இந்த வழியே போ". சாம்பல் நிறச் சிமெந்தில் மஞ்சள் கல் பதித்தால் மங்கலாகப் பார்ப்பவருக்கும் தெரியும். ஓரக் கல்லை விளிம்பிலேயே பதிக்காமல், விளிம்பிலிருந்து குறைந்தது 60 சென்ரிமீட்டர் உள்ளே தள்ளிப் பதியுங்கள். கால் உணர்ந்து, மூளை சொல்லி, உடம்பு நிற்பதற்கு அந்த இடைவெளி வேண்டும். கோட்டுக் கற்களை நேராகக் கொண்டுபோய்த் தூணிலோ வாங்கிலோ முட்டவிடும் ஒப்பந்தகாரர்கள் உண்டு. பதிக்கும் நாளில் பார்வையற்ற ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

பெட்டியில் ஏறுவது வேறு கதை. மேடைக்கும் பெட்டியின் தளத்துக்கும் இடையே உயர வித்தியாசமும் இருக்கும், இடைவெளியும் இருக்கும், வாசலில் படிகளும் இருக்கும். இப்போது நடப்பது என்ன? இரண்டு மூன்று பேர் சேர்ந்து தூக்கி ஏற்றுகிறார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் தெரியாத ஆண்கள் தன்னைத் தூக்குவதை ஒரு பெண் ஏன் சகிக்க வேண்டும்? தூக்குகிறவரின் முதுகுக்கும் நல்லதல்ல.

மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, மடிக்கும் அலுமினியச் சரிவுப் பலகை. உயர வித்தியாசம் 30 சென்ரிமீட்டர் என்றால், உதவியாளர் தள்ளும்போது தாங்கக்கூடிய 1க்கு 8 விகிதத்தில் 2.4 மீட்டர் நீளப் பலகை போதும். 60 சென்ரிமீட்டர் என்றால் 4.8 மீட்டர் வரும். அதை ஒருவர் தூக்கவும் முடியாது, மேடையில் விரிக்க இடமும் இருக்காது. ஆகவே பலகைக்குக் காசு சேர்க்கும் முன் உயரத்தை அளவெடுங்கள், அதுவும் வெவ்வேறு வகைப் பெட்டிகளுக்குத் தனித்தனியாக. வாசலின் அகலத்தையும் எழுதுங்கள். பலகை பொருந்தியும் நாற்காலி நுழையாமல் போகலாம். அப்படியானால் உள்ளே பாவிக்க ஒடுங்கிய நாற்காலி ஒன்று தேவை.

இரண்டாவது, கையால் சுற்றி உயர்த்தும் தூக்கி. மின்சாரம் தேவையில்லை, உயர வித்தியாசம் எவ்வளவு இருந்தாலும் சமாளிக்கும். ஆனால் ஆள் பயிற்சி வேண்டும், பராமரிப்பும் வேண்டும்.

மூன்றாவது, மேடையின் ஒரு சிறு பகுதியை மட்டும் உயர்த்துவது. இங்கிலாந்தின் கம்பிரியாவில் ஹாரிங்டன் என்ற சின்ன நிலையத்தில் 2008இல் இப்படிச் செய்தார்கள். முழு மேடையையும் உயர்த்த வழியில்லாத நிலையங்களுக்கு அது முன்மாதிரியானது. முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம் போன்ற நிலையங்களுக்கு எனக்குப் பிடித்த வழி இதுதான். ஒரே நிபந்தனை: மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டி ஒவ்வொரு நாளும் அந்த உயர்ந்த பகுதிக்கு நேராகவே நிற்க வேண்டும், சாரதிக்கு அடையாளப் பலகை வைக்க வேண்டும். ரயிலுக்கும் கட்டுமானத்துக்கும் இடையே விடவேண்டிய இடைவெளியை ரயில்வே பொறியியலாளர் மட்டுமே தீர்மானிக்கலாம். ஊர்க்காசில் சிமெந்து குழைத்து நாமே கட்டிவிடலாம் என்று யாரும் இறங்கிவிடாதீர்கள்.

காசே தேவைப்படாத திருத்தங்கள் இரண்டும் இங்கே உண்டு. நமது பாதை ஒற்றை வழி. எதிர் ரயிலுக்கு வழிவிட நிலையங்களில்தான் ஒதுங்க வேண்டும். தண்டவாளத்தைக் கடந்து மறு மேடைக்குப் போகும்படி வந்தால், சக்கர நாற்காலிக்காரருக்கு அந்தப் பயணம் அங்கேயே முடிந்தது. அப்படி ஒருவர் ஏறவோ இறங்கவோ இருக்கும்போது, முடிந்தவரை ரயிலைப் பிரதான மேடையில் எடுக்கும்படி நிலைய அதிபரிடம் முன்கூட்டியே கேளுங்கள். இன்னொன்று தொலைபேசி. புறப்படும் நிலையம் இறங்கும் நிலையத்துக்கு அழைத்து, "இத்தனையாம் பெட்டியில் ஒருவர் வருகிறார், பலகையோடு நில்லுங்கள்" என்று சொன்னால் பாதிப் பதற்றம் தீர்ந்துவிடும். மட்டக்களப்புக்குப் போகிறவர் கல்ஓயாவிலும், யாழ்ப்பாணம் போகிறவர் மாகோவிலும் ரயில் மாற வேண்டும். அந்த இரண்டு சந்திகளுக்கும் தகவல் போகாவிட்டால், இங்கே செய்த ஏற்பாடு இருட்டில் அங்கே அறுந்துவிடும்.

கொப்பியிலிருந்து கடிதத்துக்கு

சேர்த்த குறிப்புகளை மூன்றாகப் பிரியுங்கள். வடிகால் மூடியைத் திருப்புவது, கரும்பலகை, திறப்பு, பாதையில் கிடக்கும் வாங்கை நகர்த்துவது எல்லாம் நிலைய மட்டத்தில் நாளைக்கே முடியும். கைப்பிடி, சரிவு, கழிப்பறைத் திருத்தம் போன்றவற்றை மாவட்ட மட்டத்தில் பேசலாம்; மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் அதை ஒரு விடயமாகச் சேர்க்கச் சொல்லி மாவட்ட செயலகத்துக்கும் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் எழுதுங்கள். மேடை உயரம், பெட்டி வடிவமைப்பு இரண்டும் கொழும்பு ரயில்வே பொது முகாமையாளரின் மேசைக்குத்தான் போக வேண்டும். மூன்றையும் ஒரே கடிதத்தில் போட்டால், பெரியதைக் காரணம் காட்டிச் சின்னதையும் தள்ளிவைப்பார்கள்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம், பொதுமக்கள் போகக்கூடிய இடத்துக்குள் ஒருவர் வலுவிழந்தவர் என்ற காரணத்துக்காக அவருக்குத் தடை வைக்கக்கூடாது என்கிறது. 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வந்த அணுகல் ஒழுங்குவிதிகள், பழைய பொதுக் கட்டடங்களைத் திருத்த மூன்று வருட அவகாசம் கொடுத்தன. சக்கர நாற்காலியில் இருந்தபடியே இதற்காகப் போராடிய அஜித் பெரேரா தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2009இல் பொதுக் கட்டடங்கள் பற்றி உத்தரவு கொடுத்தது. 2016இல் இலங்கை ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை ஏற்றுறுதி செய்தது. கடிதத்தில் இவை ஒரு பந்தியில் வந்தால் போதும், மிச்சப் பக்கங்கள் அளவுகளுக்கும் படங்களுக்கும். தமிழில் எழுத உங்களுக்கு உரிமை உண்டு. ஆனாலும் கொழும்புக்குப் போகும் கடிதத்தோடு சிங்களப் பிரதி ஒன்றையும் இணைத்துவிடுங்கள், வாரக்கணக்கில் மிச்சமாகும்.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பாவியுங்கள். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள், அது தகவல் அல்ல. "கல்ஓயா முதல் திருகோணமலை வரை எந்த நிலையங்களில் அணுகக்கூடிய கழிப்பறை உள்ளது, இந்த நிலையங்களுக்கான திருத்த வேலை மதிப்பீட்டின் பிரதி, இவ்வருட ஒதுக்கீடு" என்று ஆவணமாகக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு, அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

யாராவது ஒருவர் ஏற முடியாமல் திருப்பி அனுப்பப்பட்டால், தாமதிக்காமல் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள். அடிப்படை உரிமை வழக்குக்கு ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவுக்குப் போயிருந்தால், விசாரணை நடக்கும் காலம் அதில் கணக்கிடப்படாது.

கட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

நமது ஊரின் வெயிலும் உப்புக்காற்றும் வரைபடத்தில் தெரியாது. பெயின்ற் அடித்த சாதாரண இரும்புக் கைப்பிடி கடற்காற்றில் சீக்கிரமே செதில் செதிலாக உரிந்து உள்ளங்கையைக் கிழிக்கும். துத்தநாகப் பூச்சுள்ளதையோ தரமான துருப்பிடிக்காத உருக்கையோ கேளுங்கள். ஆனால் கச்சான் காற்றுக் காலத்து மத்தியான வெயிலில் வெறும் உருக்கைத் தொடவும் முடியாது. மேலே கூரை போட்டால் அந்தச் சூடு தீரும், மார்கழி மழையில் சரிவும் நனையாது. சரிவுக்கு மினுக்கிய தரை ஓடு (டைல்) வேண்டவே வேண்டாம், ஈரச் சிமெந்தில் தும்புத்தடியால் குறுக்காக இழுத்துச் சொரசொரப்பாக்கினால் போதும். சிமெந்து காய்வதற்கு முன் பலகையையும் நீர்மட்டத்தையும் வைத்து இன்னொரு முறை பாருங்கள். காய்ந்தபின் பார்த்தால் உடைக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

ஊழியர்களுக்குச் சொல்லவேண்டியது அரைநாள் வேலை. தள்ளுவதற்கு முன் "அக்கா, தள்ளட்டுமா?" என்று கேளுங்கள். கூட வந்தவரிடம் "இவர் எங்கே போகிறார்?" என்று கேட்காமல் அவரிடமே கேளுங்கள். பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்காமல் உங்கள் முழங்கையைக் கொடுங்கள், அவர் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவார். பிரம்பைத் தொடாதீர்கள். இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் உங்கள் குழுவில் அளவெடுத்தவர்களேதான்.

எல்லாம் முடிந்ததும் நாடா வெட்டும் விழாவுக்கு முன் ஒரு சோதனைப் பயணம் போங்கள். திருகோணமலையிலிருந்து கந்தளாய்க்குப் போய் இறங்கி, கழிப்பறைக்குப் போய், ஒரு தேத்தண்ணி குடித்து, அடுத்த ரயிலில் திரும்புங்கள். யாரும் தூக்கக்கூடாது, யாரையும் முன்கூட்டித் தயார்படுத்தவும் கூடாது. எங்கே நின்றுபோனீர்களோ அதை எழுதி, பழைய அளவுகளோடு சேர்த்து மறுபடி அனுப்புங்கள். வருடத்தில் இரண்டு முறை அதே கொப்பியோடு நடங்கள்: மழை விட்டபின் தை மாதத்தில் ஒருமுறை, ஆடி அமாவாசைக் கூட்டம் வருவதற்கு முன் ஒருமுறை. அன்று சரிவில் மோட்டார் சைக்கிள் நின்றாலும் படம் எடுங்கள், நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.